ரோமுக்குப் போகாமலே ரோமைப் பிடித்தவர்

கி.பி. 69ஆம் ஆண்டில் மட்டும் ரோம் நான்கு பேரரசர்களைப் பார்த்தது. கால்பா கொலையுண்டார். ஓத்தோ தற்கொலை செய்துகொண்டார். விட்டெல்லியஸ் அரியணையில் இருக்கும்போதே, ஜூலை 1 அன்று, எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்த படைகள் வெஸ்பாசியனைப் பேரரசராக அறிவித்தன. வரி வசூலித்தவரின் மகன் அவர். குலப்பெருமை ஏதும் கிடையாது. 59 வயதில் யூதேயாவில் கிளர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்த தளபதி.

யூதேயாவில் இருந்த அவருடைய சொந்தப் படைகள் அறிவித்ததுகூட அதற்குப் பிறகுதான். எகிப்து முந்திக்கொண்டதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. அங்கேதான் ரோமின் சாப்பாடு விளைந்தது.

கோடையில் எத்தியோப்பிய மலைகளில் கொட்டும் பருவமழை, நைல் நதியில் வெள்ளமாக இறங்கி வயல்களில் வண்டலைப் படியவைக்கும். வெள்ளம் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையை விதைப்பார்கள். ரோமில் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலேயே சுமார் 2 லட்சம் பேர் இலவச தானியம் வாங்கினார்கள். எகிப்தைப் பிடிப்பவன் தலைநகரைப் பட்டினி போடலாம் என்பது அகஸ்டஸுக்குத் தெரிந்திருந்தது. அதனால், அனுமதியின்றி எந்த செனட் உறுப்பினரும் அங்கே கால்வைக்கக் கூடாது என்று தடை போட்டிருந்தார்.

விளைந்த கோதுமையை ரோமுக்குக் கொண்டுசேர்ப்பது அதைவிடப் பெரிய பாடு. கோடையில் கிழக்கு மத்தியதரைக் கடலில் வடக்கிலிருந்து காற்று விடாமல் வீசும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையைத் தருகிற ஆசியத் தாழ்வழுத்தம் மேற்கே வெகுதூரம் நீண்டு கிடப்பதும் அதற்கு ஒரு காரணம். ஒரே பருவகாலம் நைலையும் நிரப்புகிறது, நைலின் விளைச்சலை ஏற்றிய கப்பலையும் எதிர்க்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. இத்தாலியிலிருந்து வருகிற கப்பலைக் காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இரண்டு மூன்று வாரம் போதும். மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும் கப்பலோ சைப்ரஸ், ஆசியா மைனர், கிரீட் என்று கரையோரமாகச் சுற்றி, இரண்டு மாதம் வரை அல்லாட வேண்டும். குளிர்காலத்தில் கடற்பயணமே அநேகமாக நின்றுபோகும்.

எனவே வெஸ்பாசியன் இத்தாலிக்குப் போகவில்லை. சிரியாவின் ஆளுநர் முசியானஸைப் படையோடு அனுப்பிவிட்டு, தான் எகிப்துக்குப் போனார். ரோமைப் பசியால் பணியவைப்பதே நோக்கம் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆனால் அந்தோனியஸ் பிரீமஸ் என்ற இன்னொரு தளபதி முந்திப் பாய்ந்து, அக்டோபரில் கிரெமோனாவில் விட்டெல்லியஸின் படையை நொறுக்கினார். டிசம்பர் 20 அன்று விட்டெல்லியஸ் தெருவில் இழுத்துவரப்பட்டுக் கொல்லப்பட்டார்.

பட்டினி போட வைத்திருந்த கோதுமை இப்போது புதுப் பேரரசரின் சொந்தக் குடிமக்களுக்கு வேண்டியிருந்தது. கடல் இன்னும் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போதே, வேகமான கப்பல்களாகப் பார்த்துத் தானியத்தை ஏற்றி அனுப்பினார் வெஸ்பாசியன். அவை போய்ச் சேர்ந்தபோது ரோமின் களஞ்சியங்களில் 10 நாளைக்குமேல் தானியம் இல்லையாம். வெஸ்பாசியன் ரோமுக்கு வந்தது 70ஆம் ஆண்டில்தான். தம் ஆட்சியின் தொடக்கமாக, செனட் அங்கீகாரம் தந்த டிசம்பர் நாளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அலெக்சாண்டிரியா அறிவித்த ஜூலை 1ஐயே வைத்துக்கொண்டார்.