மழை முடியுமுன் பூப்பவை

நீரின்றிப் பயிரில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஒரு செடி பூக்கும் நாளையே நீரின் அளவு தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிவிடும் என்பது பலர் அறியாத செய்தி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையை நம்பியே அங்கு நெல் விதைக்கப்படுகிறது. நெல் பூக்கும் வேளையில் நீர் வற்றினால் மணி பால்பிடிக்காது சப்பியாகிவிடும். ஆகவேதான் எமது கமக்காரர் மூன்று மாத நெல், நான்கு மாத நெல் என வயது பார்த்து விதை தெரிந்தனர். தமிழகத்து அறுபதாங் குறுவை தன் வயதைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

மனிதர் செய்யும் இத்தெரிவை இயற்கையும் செய்கிறது. லா சப்பல் கடைகளில் நாம் வாங்கும் கடுகின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி, தென் கலிபோர்னியாவில் தானாக வளர்கிறது. மழையுடன் முளைத்து, பூத்துக் காய்த்து, மழை ஓய்ந்ததும் மடிவது அதன் வாழ்வு. 2000 முதல் 2004 வரை அங்கு வறட்சி நிலவியது. பிராங்ஸ், சிம், வைஸ் என்னும் ஆய்வாளர்கள், 1997இல் சேகரித்த விதைகளையும் 2004இல் சேகரித்தவற்றையும் ஒரே சூழலில் வளர்த்து, முடிவை 2007இல் வெளியிட்டனர். வறட்சிக்குப் பிந்திய சந்ததி ஓரிடத்தில் 1.9 நாட்களும் மற்றோரிடத்தில் 8.6 நாட்களும் முந்திப் பூத்தது. இரண்டையும் கலந்து பெற்ற செடிகள் இடைப்பட்ட நாளில் பூத்தன. எனவே இம்மாற்றம் பரம்பரையில் பதிந்தது என்பது தெளிவாயிற்று.

எந்தச் செடியும் எண்ணித் துணிந்து முந்திப் பூக்கவில்லை. பிந்திப் பூத்தவை விதை முற்றுமுன் காய்ந்தன. முந்தியவற்றின் விதைகளே மிகுதியாக எஞ்சின. ஆயினும் முந்திப் பூப்பதற்கும் ஒரு விலையுண்டு. தழைத்து வளரக் காலம் போதாமையால் விளைச்சல் குறையலாம். நல்ல மழை பெய்யும் ஆண்டில் பிந்திப் பூப்பவையே மேலோங்கும்.

ஆகவே இருவகையும் இருந்தால்தான் மாறும் மழைக்கு ஈடுகொடுக்க முடியும். ஒரேயொரு விதையை மட்டும் நம்பிய ஊருக்கு, மழை பொய்த்தால் வேறு வழியில்லை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்களின் பெருமை சுவையில் மட்டும் தங்கியதன்று. அவற்றின் பெயரையும் வயதையும் அறிந்த பெரியோர் எம்மிடையே இன்னும் உள்ளனர். இங்கு வளரும் பிள்ளைகளுக்கு அவர்கள் அதைச் சொல்லிவைப்பது நன்று. ஊரில் அவ்விதைகளைக் காத்துவரும் உறவினரை ஊக்குவிப்பது அதனினும் நன்று.