தூதர் சொன்னால் போதுமா?

சித்தூரிலிருந்து வேலூர் போகும் பாதையில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் மண்டலம். இங்குள்ள சிறு தொண்டு நிறுவனம் ஒன்று பள்ளிக் கட்டடத்துக்கோ ஆம்புலன்ஸுக்கோ நிதி தேடினால், அது தட்டக்கூடிய கதவுகளில் ஒன்று சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம். சிறு அமைப்புகளுக்கென்று 1989-இல் ஜப்பான் தொடங்கிய நிதியுதவித் திட்டத்தில் ஆந்திரமும் அடக்கம். கட்டடம், கருவி, வண்டி ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். ஊழியர் சம்பளத்துக்குக் கிடைக்காது.

ஆனால் தூதரகம் தலையசைத்தாலும் பணம் ஊர் வந்து சேர்ந்துவிடாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் பிறந்து, 2010-இல் புது உருவம் எடுத்த வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஐ.நா. அமைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. அந்நிய அரசுகளுக்குக் கிடையாது. தூதர் தரும் காசோலையும் ஏதோ ஒரு நாட்டு தேவாலயம் அனுப்பும் காசோலையும் உள்துறை அமைச்சகத்துக்கு ஒன்றுதான்.

இந்தச் சட்டப்படி பதிவு பெற, நிறுவனத்துக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் 15 லட்ச ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். கிராமத்து அமைப்புக்கு இது மலை. பதிவு இல்லாதவர்கள் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம். தருகிறவரின் உறுதிக் கடிதம் அதற்கு அவசியம். தூதரகத்தின் கையெழுத்து உண்மையில் பயன்படுகிற இடம் இதுதான். முன்பெல்லாம் நகரத்துப் பெரிய நிறுவனம் வாங்கும் வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பங்கு கிராமத்துச் சிறிய அமைப்புக்கும் போகும். 2020-இல் வந்த திருத்தம் அந்தக் கால்வாயை அடைத்துவிட்டது. சட்டப்படி பதிவு பெற்றவருக்குக்கூடப் பகிர்ந்து கொடுக்க முடியாது. எந்த ஊர் அமைப்பானாலும் முதலில் டில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் கணக்குத் திறக்க வேண்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதற்கு ஒப்புதல் முத்திரை வைத்தது.

சரி, தூதர்கள் வாய் திறந்தால்? 2015 ஏப்ரலில் ஃபோர்டு அறக்கட்டளையை உள்துறை அமைச்சகம் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. மறுமாதமே அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் வர்மா டில்லிக் கூட்டமொன்றில் கவலை தெரிவித்தார். 2016 மார்ச்சில் ஃபோர்டின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. பேச்சின் பலனா? அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ள ஃபோர்டு சம்மதித்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது என்பதை மறக்கக்கூடாது.

கம்பாஷன் இண்டர்நேஷனல் விஷயத்தில் வாஷிங்டனின் குரல் இன்னும் உரக்க ஒலித்தது. இந்தியாவில் 1,45,000 குழந்தைகளுக்கு உதவிவந்த அமெரிக்க கிறிஸ்தவ அமைப்பு அது. மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்றது இந்திய அரசு, அமைப்பு மறுத்தது. வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி டில்லியிடம் பேசினார். 2016 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு தனி விசாரணையே நடத்தியது. 2017 மார்ச்சில் அமைப்பு கடையைக் கட்டியது. வெளிநாட்டுப் பணத்தின் மீது சந்தேகம் இருக்கும்போது வெளிநாட்டு அமைச்சரே பரிந்து பேசினால் சந்தேகம் குறையுமா, கூடுமா? தூதர்கள் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது என்று 1961-இன் வியன்னா உடன்படிக்கையும் சொல்லி வைத்திருக்கிறது.

இதே ராயலசீமையில், அனந்தப்பூரில், வேறொரு கதை நடந்தது. ஸ்பெயினிலிருந்து 1952-இல் வந்த பாதிரியார் விசென்ட் ஃபெரரை 1968-இல் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். மராட்டியத்தில் மன்மாடு பகுதியில் விவசாயிகளுக்குக் கிணறு வெட்ட உதவிக்கொண்டிருந்தவர் அவர். அவருக்காக 30,000 விவசாயிகள் பம்பாய் நோக்கி நடந்தார்கள் என்பது அவரது அறக்கட்டளை சொல்லும் கணக்கு. பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டார். ஃபெரர் சிறிது காலம் வெளிநாடு போய்விட்டுத் திரும்பலாம் என்று வழி பிறந்தது. 1969-இல் வந்தார். மராட்டியத்துக்கு அல்ல, வறண்ட அனந்தப்பூருக்கு. கிராமிய வளர்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கி, 2009-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அறக்கட்டளையின் வெளிநாட்டு நிதி உரிமம் 2025-இல் சிக்கலுக்குள்ளானபோதும், அனந்தப்பூர்த் தெருக்களில் இறங்கியவர்கள் அதன் பள்ளியில் படித்தவர்களும் ஆஸ்பத்திரியில் பிழைத்தவர்களும்தான்.