எச்.ஐ.வி. சிகிச்சையும் குருதிச்சோகையும்: சோர்வை மறைக்க வேண்டாம்

எச்.ஐ.வி. தொற்றுக்கான மருந்துகளை உரிய காலத்தில் தொடங்கி ஒழுங்காக உட்கொள்பவர், ஏனையோரைப் போன்றே நீண்ட காலம் வாழலாம். எனினும், சிகிச்சை பெறுவோர் சிலருக்கு ஓயாத களைப்பு, படியேறும்போது மூச்சிரைப்பு, தலைச்சுற்று, முகம் வெளிறுதல் ஆகியன தோன்றுவதுண்டு. குருதிச்சோகை இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். நோயை வெளியில் சொல்லத் தயங்குவோர் இச்சோர்வையும் சேர்த்து மறைத்துவிடுவதே ஆபத்தாகும்.

குருதிச்சோகை என்பது யாது?

குருதியில் ஒட்சிசனை ஏந்திச் செல்வது ஹீமோகுளோபின். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு டெசிலீற்றர் குருதியில் இதன் அளவு ஆண்களுக்கு 13 கிராமிலும், கர்ப்பமுறாத பெண்களுக்கு 12 கிராமிலும் குறைந்தால் அது குருதிச்சோகையாகும்.

காரணங்கள்

எச்.ஐ.வி. வைரசே எலும்பு மச்சையின் வேலையைத் தடைப்படுத்தலாம். காசநோய் போன்ற தொற்றுகள், மிகுந்த மாதவிடாய்ப் போக்கு, இரும்புச்சத்துக் குறைபாடு, மரக்கறி உணவை மட்டுமே உண்போருக்கு ஏற்படக்கூடிய விற்றமின் பி12 குறைபாடு என்பனவும் காரணமாகலாம்.

சில வேளைகளில் மருந்தே காரணமாகும். 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதலாவது எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடின், செங்குருதிக் கலங்கள் உருவாவதைக் குறைக்கவல்லது. இந்திய அரசு 2004 ஏப்ரலில் இலவச சிகிச்சையைத் தொடங்கியபோது, சென்னையை அடுத்த தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. அத்திட்டத்தில் சிடோவுடினும் வழங்கப்பட்டது. ஹீமோகுளோபின் மிகக் குறைந்தோருக்கு அது தவிர்க்கப்பட்டது. ஜேர்மனியில் இன்று சிகிச்சையைத் தொடங்குவோருக்கு அது முதல் தெரிவன்று. ஆயினும், வேறு நாட்டில் சிகிச்சையைத் தொடங்கி இங்கு வந்தவர்கள் தமது பழைய மருந்துச் சீட்டுகளை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

களைப்புக்கு அஞ்சி மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்தலாகாது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம்.

மருந்தகத்தில் இரும்பு மாத்திரை வாங்கித் தாமாகவே உட்கொள்வதும் தகாது. இன்று பரவலாக வழங்கப்படும் டொலுடெக்ராவிர் என்னும் மருந்தை இரும்பு மாத்திரையுடன் வெறும் வயிற்றில் உட்கொண்டால், அம்மருந்து உடலில் சேர்வது குறையும். இரண்டையும் உணவுடன் சேர்த்து உட்கொள்ளலாம். அல்லது இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னரோ, 6 மணி நேரம் பின்னரோ டொலுடெக்ராவிரை உட்கொள்ளலாம். உங்கள் மருந்துக்குரிய விதியை வைத்தியரிடம் கேட்டறியுங்கள். உணவுடன் தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

'புளூட்பில்ட்' எனப்படும் குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனையையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் 'ஃபெரிற்றின்' அளவையும் பற்றி வினவுங்கள். காரணத்தைப் பொறுத்தே சிகிச்சை அமையும். தேவைப்பட்டால் மருந்தும் மாற்றப்படும். நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியன ஏற்பட்டால் உடனடியாக 112ஐ அழையுங்கள்.

உங்கள் உரிமைகள்

வைத்தியர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்; குற்றவியற் சட்டத்தின் 203ஆம் பிரிவு இதனைப் பாதுகாக்கிறது. வேலை வழங்குநருக்குச் செல்லும் சுகவீன அறிவித்தலில் நோயின் பெயர் குறிப்பிடப்படுவதில்லை. உணவகச் சமையலறையில் பணிபுரிய எச்.ஐ.வி. தடையன்று. அறிகுறியற்ற எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கும் பாகுபாட்டுக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு உண்டென 2013 டிசம்பரில் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மொழிபெயர்ப்புக்காகப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதைத் தவிருங்கள். அவர்கள் முன்னிலையில் பலர் உண்மையான நிலையைச் சொல்வதில்லை. மொழி உதவி தேவையெனில், சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே அதனைத் தெரிவியுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நாடுவோர், பெயரைத் தெரிவிக்காமலே கெல்சென்கிர்ச்சன் நகரச் சுகாதார அலுவலகத்தை அணுகலாம்.