புகையை எரிக்கும் அடுப்பும் அதன் பழுதும்

விறகு சூடேறியதும் அதிலிருந்து பலவகை ஆவிகளும் வாயுக்களும் கிளம்புகின்றன. அவற்றில் பெரும்பகுதி சுவாலையாக எரிந்து நமக்கு உஷ்ணம் தருகிறது. எரிவதற்குப் போதிய அவகாசமோ காற்றோ வெப்பமோ கிட்டாமல் தப்பிப் போகிற மிச்சத்தையே புகை என்கிறோம். காசு கொடுத்து வாங்கியோ, காட்டோரம் அலைந்து பொறுக்கியோ சேர்த்த எரிபொருளில் ஒரு பங்கு இவ்வாறு எரியாமலே கூரை வழியாக வெளியேறுகிறது. வெளியேறும் முன் அடுப்பருகே நிற்பவளுடைய கண்ணையும் சுவாசகோசத்தையும் பதம் பார்த்துவிட்டுத்தான் போகிறது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இந்த மிச்சத்தையும் அடுப்புக்குள்ளேயே எரித்துவிட இயலாதா என்று கேட்டவர்களுக்கு அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டையொட்டிக் கிடைத்த விடைகளுள் ஒன்று, வினையூக்கி பொருத்திய விறகடுப்பு. அதன் மூலதத்துவம் அதற்கும் வெகுகாலம் முந்தியது. 1817-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கான காப்பு விளக்கைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, சூடேற்றிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவைக்குள் நீட்டினால், சுவாலை ஏதுமில்லாமலே அக்கம்பி தகதகவென்று ஜொலித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். வாயு அந்த உலோகத்தின் மேற்பரப்பிலேயே, சாதாரணமாகத் தீப்பற்றுவதற்கு வேண்டிய உஷ்ணத்தினும் மிகத் தாழ்ந்த உஷ்ணத்தில், எரிந்துகொண்டிருந்தது. உலோகமோ சிறிதும் செலவாகவில்லை. இவ்வாறு தான் செலவாகாமல் வினையைத் தூண்டும் பொருளையே வினையூக்கி என்கிறோம்.

விறகுப் புகை தானாகத் தீப்பற்றி எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். குளிர்நாடுகளில் இரவு முழுதும் கனன்றுகொண்டிருக்குமாறு காற்றைக் குறைத்து வைக்கும் அடைப்பு அடுப்புகளில் அந்த உஷ்ணம் நிலைப்பதில்லை. பல்லேடியமோ பிளாட்டினமோ துணைநின்றால் 260 டிகிரியிலேயே புகை பற்றிக்கொள்கிறது. ஆகவே அடுப்பின் மேற்புறத்தில், புகை புகைபோக்கிக்குள் நுழையும் வாயிலில், ஒரு பீங்கான் கட்டியை வைக்கிறார்கள். தேனடையைப் போல அக்கட்டியின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு எண்ணற்ற சிறு துளைகள் ஊடுருவிச் செல்லுகின்றன. துளைச் சுவர்களின்மேல் அலுமினாவை மெல்லியதாகப் பூசி, அப்பூச்சில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களாக அந்த விலையுயர்ந்த உலோகங்களைப் பதித்திருக்கிறார்கள். அடுப்பைப் பற்றவைக்கும் வேளையில் புகையை நேரே வெளியே விடுவதற்கு ஒரு மூடி உண்டு. உஷ்ணமானியின் முள் 260 டிகிரியைக் கடந்த பிறகே அந்த மூடியை அடைத்துப் புகையைத் துளைகளுக்குள் திருப்ப வேண்டும்.

நம் நாட்டு வீடுகளில் இவ்வகை அடுப்பு வழக்கத்தில் இல்லை. நம்மவர் கணிசமாகக் குடியேறியிருக்கும் கனடாவிலோ இதன் விஷயம் சட்டத்தையே தொட்டு நிற்கிறது. மாண்ட்ரியல் நகரில் 2018 அக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளிவிடும் விறகடுப்பை மூட்டலாகாது. காற்று மாசு எச்சரிக்கை விடுத்த நாட்களில் எந்த விறகடுப்பையும் மூட்டலாகாது. மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால் மாத்திரம் இவ்விதிக்கு விலக்கு. 1998 ஜனவரியில் பனிக்கட்டி மழை பெய்து மின்கம்பிகள் அறுந்து, லட்சக்கணக்கான வீடுகள் பல நாட்கள் இருளிலும் குளிரிலும் கிடந்ததை அனுபவித்த ஊர் அது. விறகடுப்பை அடியோடு ஒழித்துவிட அந்நகரத்தார்க்கு மனம் வராததில் வியப்பில்லை. அமெரிக்காவில் 1988 முதல் மத்திய அரசின் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. வினையூக்கி செத்துப்போன அடுப்பைத் தொடர்ந்து எரிப்பது அங்கே சட்ட விரோதமென்று அடுப்பின் பட்டயத்திலேயே பொறித்திருப்பார்கள்.

அவ்வினையூக்கி எவ்வாறு சாகிறது என்பதே நாம் நின்று கவனிக்க வேண்டிய விஷயம். நல்ல முறையில் பேணினால் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேலும் உழைக்கக்கூடிய அந்தக் கட்டி, தவறான விறகு போட்டால் ஒரு குளிர்காலத்துக்குள்ளேயே பாழாகிவிடும். ஈர விறகு முதல் சத்துரு. நீரை ஆவியாக்குவதிலேயே உஷ்ணமெல்லாம் தீர்ந்துபோவதால் புகை பெருகுகிறது, கட்டியோ தன் வேலையைத் தொடங்கும் சூட்டை எட்டுவதில்லை. எட்டிக் கனன்றுகொண்டிருக்கும் கட்டியின்மேல் ஈர விறகின் நீராவி திடீரென்று பட்டாலோ பீங்கான் வெடிக்கிறது. அடுத்தது, கட்டியை நேரே சுவாலை தீண்டுவது. காற்றுவழியை அகலத் திறந்துவைத்துத் தீயை வளர்க்கும்போது இது நேர்கிறது, அலுமினாப் பூச்சு உரிந்து, உலோகமும் அதனோடு உதிர்ந்துபோகிறது. மூன்றாவது சாம்பல்; பறக்கும் சாம்பல் துளைகளை அடைத்துவிட, வழியற்ற புகை அடுப்பின் வாயைத் திறக்கும்போதெல்லாம் அறைக்குள் பாய்கிறது.

இவை மூன்றையும் கண்ணால் காணலாம். கண்ணுக்குத் தெரியாதது விஷம். ஈயம், துத்தநாகம், கந்தகம், குளோரின் முதலியவை உலோகத் துகள்களின்மேல் படிந்து அவற்றைச் செயலற்றதாக்கிவிடும். கட்டி பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும், வேலை மாத்திரம் செய்யாது. வர்ணம் பூசிய பலகை, ரசாயனம் ஏற்றிய மரம், வண்ண அச்சுக் காகிதம், பிளாஸ்டிக், நிலக்கரி ஆகியவற்றை அடுப்பில் போடுவதால் வரும் கேடு இது. சென்னைவாசிகளுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு வினையூக்கிக் கருவி கட்டாயமானபோது, ஈயம் கலவாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவர நேர்ந்ததற்குக் காரணம், ஈயப் பெட்ரோலின் புகை அக்கருவியைக் கொன்றுவிடும் என்பதே. கார் செலுத்துகிறவனுக்குப் பெட்ரோல் கிடங்கு நல்லதைத் தந்துவிடுகிறது. அடுப்புக்கு எதை ஊட்டுவது என்பதையோ ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் ஒரு கை தீர்மானிக்கிறது.

கடல் நீரில் ஊறிய மரத்தையும் இந்த விஷப் பட்டியலில் சேர்க்க வேண்டும். உப்பிலுள்ள குளோரின் தீயில் அமிலமாக மாறி இரும்பை அரிக்கும், வினையூக்கியை முடமாக்கும். கனடாவின் மேற்குக் கரையில், கடலில் மிதக்கவிட்டுக் கொணர்ந்த மரங்களின் பட்டையை எரித்துவந்த காகித ஆலைகளின் புகையில் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு மிகுந்திருந்ததற்கும் அந்த உப்பே ஹேது.

கட்டி பழுதுபட்டதா என்று அறியப் பெரிய உபகரணம் வேண்டியதில்லை. மூடியை அடைத்துச் சற்று நேரம் கழித்து வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பார்க்க வேண்டும். வினையூக்கி உயிரோடிருந்தால் புகை மெலிந்து வெண்ணிற நீராவி மாத்திரம் தெரியும். மூடி திறந்திருந்தபோது வந்த அதே கருநீலப் புகை அப்படியே வந்துகொண்டிருந்தால் ஏதோ கெட்டிருக்கிறது. உஷ்ணமானியின் முள் ஏறாமல் நிற்பதும், விறகுச் செலவு முன்னைவிட அதிகரிப்பதும் ஏனைய அறிகுறிகள். கட்டி செந்நிறமாக ஒளிரவில்லையே என்று பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். அது மிகுந்த சூட்டில்தான் ஒளிரும், ஒளிராமலே திறம்பட வேலைசெய்யவும் கூடும்.

கெட்டது தெரிந்த பின் செய்ய வேண்டியதைப் பொறுமையோடு செய்ய வேண்டும். அடுப்பு முற்றும் ஆறி, குறைந்தது ஒரு பகல் ஓர் இரவு கழிந்த பிறகே கட்டியை வெளியே எடுக்கலாம்; சாம்பலை மூக்கில் இழுக்காதபடி முகமூடி அணிந்துகொண்டு, மிருதுவான வர்ணப் பூச்சுத் தூரிகையால் இரு முகங்களையும் வருட வேண்டும். கம்பித் தூரிகையும் ஆணியும் பலமான காற்றூதியும் ஆகா. அவை சாம்பலோடு பூச்சையும் பெயர்த்துவிடும். மயிரிழை போன்ற கீறல்கள் இருந்தால் பாதகமில்லை, துண்டு உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தால் மாற்றுவதே வழி. பார்வைக்குச் சரியாக இருந்தும் வேலைசெய்யாத பீங்கான் கட்டியை, தயாரிப்பாளரின் குறிப்பேடு அனுமதித்தால், வெள்ளை வினிகரும் வாலைநீரும் சம அளவாகக் கலந்து கொதிக்கும் திரவத்தில் அரைமணி நேரம் ஆழ்த்தி, பிறகு வாலைநீரிலேயே இருமுறை அலசி, நன்றாக உலர்த்திப் பொருத்துவார்கள். மேலே படிந்த காரப் பொருள்களும் உப்புகளும் கரைந்து போவதால் சில வேளைகளில் கட்டி பிழைத்தெழுகிறது. ஈயம் தின்ற கட்டி பிழைப்பதில்லை. புதிய கட்டியைப் பொருத்துகிறபோது அதைச் சுற்றியுள்ள பஞ்சுத் தடுப்பையும் புதிதாகவே வைக்க வேண்டும். இல்லையேல் புகை பக்கவாட்டில் நழுவி வெளியேறிவிடும்.

இனி நம் பக்கம் வருவோம். மத்திய அந்தமானின் கிழக்குக் கரையோரம், ரங்கத் என்னும் ஊருக்கு அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து கடல்வழியாகவே அடையக்கூடிய லாங் ஐலண்டை மேலே சொன்னவற்றோடு பொருத்திப் பார்க்கும்போது, வினையூக்கியைக் கொல்லும் எல்லாக் காரணங்களும் அத்தீவில் ஒருங்கே கூடியிருப்பது புலனாகிறது. அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை; மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையும், அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழையுமாக டிசம்பர் வரையில் விறகு உலர இடமே இல்லை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மரங்களோ உப்பில் ஊறியவை. பழைய தோணிகளின் பலகைகளில் வர்ணமும் தாரும் பூசியிருக்கும்; பிளைவுட் துண்டுகளில் பசை கலந்திருக்கும். ஒரு காலத்தில் மரத் தொழிலை நம்பி வாழ்ந்த தீவு அது. அங்கே இயங்கிய பிளைவுட் ஆலை மூடப்பட்டுவிட்டது. 2002-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் அந்தமான் முழுவதிலும் மரவெட்டு சுருங்கிவிட்டது. சமையல் காஸ் அங்கே கிட்டினாலும் சிலிண்டர் படகேறித்தான் வர வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோகும் நாட்களில் விறகடுப்பைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே அத்தீவு வீடுகளில் பீங்கான் தேனடை பொருத்திய அடுப்பை யாரேனும் நிறுவ நினைப்பார்களானால் அது வீண் செலவாகவே முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம். அத்தீவுக்கு உகந்தது புகைபோக்கி வைத்த மண்ணடுப்பே.

மண்ணடுப்பிலும் பழுது என்னும் பிரச்சினை இல்லாமலில்லை. நம் தேசத்தின் அனுபவம் இதில் மிகவும் படிப்பினை தருவது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பொன்றை வகுத்து, அதைப்பற்றிய சிறுநூலை 1953-இல் சென்னையிலிருந்து வெளியிட்டார். 1974-இல் ஏ.கே.என். ரெட்டியின் முயற்சியால் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தோன்றிய அஸ்த்ரா என்ற குழு, மூன்று பாத்திரங்களை ஒரே தீயில் ஏற்றும் அடுப்பைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. 1981-இல் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி குஜராத் கிராமத்துச் சமையலறைகளிலேயே கருவிகளை வைத்துப் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து காட்டினார். 1983-ஐ ஒட்டி மத்திய அரசு தொடங்கிய தேசிய அடுப்புத் திட்டத்தில், அது நின்றுபோன 2002-க்குள், மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கட்டித் தரப்பட்டன.

அவற்றில் எத்தனை நிலைத்தன? ஒரிஸ்ஸாவில் 44 கிராமங்களில் புகைபோக்கி வைத்த மண்ணடுப்புகளைப் பெற்ற குடும்பங்களை, ரீமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்னும் மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். முதலாண்டில் பெண்கள் உள்வாங்கிய புகை குறைந்தது. அதன்பின் அந்த நன்மை மறைந்தேபோயிற்று. அடுப்பு விரிசல் கண்டது, புகைக்குழாயில் கரி அடைத்தது, செப்பனிடுவாரில்லை. மெல்ல மெல்லப் பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். இதற்காக அப்பெண்களைக் குறைகூறுவது நியாயமாகாது. கட்டிக் கொடுத்தவர்கள் கட்டி முடித்த நாளோடு போய்விட்டார்கள். செப்பனிடும் கையொன்றை ஊரில் விட்டுச் செல்லவில்லை. மாண்ட்ரியலில் கட்டி உடைந்தால் கடையில் புதியது வாங்கலாம், குறிப்பேட்டைப் புரட்டலாம், ஆளை அழைக்கலாம். ரங்கத்திலிருந்து கடல் கடந்து கிடக்கும் ஒரு தீவில் உடைந்த புகைக்குழாய் உடைந்தபடியே கிடக்கும்.

ஆகையால் லாங் ஐலண்டு போன்ற ஊருக்கு அடுப்பு வழங்க முற்படுகிறவர்கள், வழங்கும் அடுப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்கும் முன், அவ்வூர்க் கொத்தனார் ஒருவருக்கோ, கைத்திறன் வாய்ந்த பெண்கள் சிலருக்கோ அடுப்பு கட்டவும் பிரிக்கவும் பூசவும் பயிற்சி தந்து, அவ்வேலைக்கு ஆண்டுதோறும் கூலிக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். மழையற்ற ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே இதற்கு உரிய பருவம். அப்பொழுதே விறகைப் பிளந்து, தரையில் படாதபடி கட்டைகளின்மேல் அடுக்கி, மேலே தகரம் போர்த்தி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழ் இறங்கிய விறகு, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். கரையொதுங்கிய மரத்தையும் வர்ணப் பலகையையும் அக்குவியலில் சேர்க்கலாகாது. புகைக்குழாயைக் கழற்றி, நீண்ட மூங்கிலின் நுனியில் கட்டிய துணியால் கரியை வழித்து, அடுப்பின் விரிசல்களுக்குக் களிமண்ணும் உமியும் பிசைந்து பூசி உலரவிட வேண்டும். மாற்றுக் குழாய்களில் சிலவற்றை மே மாதத்துக்கு முன்பே படகில் வரவழைத்து, பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பள்ளிக்கூடத்திலோ வைத்திருந்தால், அடைமழைக் காலத்தில் எந்த வீட்டுக் குழாய் உடைந்தாலும் மறுநாளே மாற்றிவிடலாம்.