இசைத் தேர்வும் நம் இல்லமும்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு செல்லும் சாலையின் இருமருங்கிலும் எழுந்துள்ள தொழிற்சாலைகள் நம் குடும்பங்களின் வாழ்க்கை முறையையே மாற்றி அமைத்துவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும், ஒரகடத்தில் 2010-லும் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. இரவென்றும் பகலென்றும் பாராது ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர், தங்களுக்குக் கிட்டாத கல்வியெல்லாம் தம் மக்களுக்குக் கிட்ட வேண்டும் என விழைவது இயல்பே. அவ்விழைவின் அடையாளமாகச் சில இல்லங்களில் இன்று கீபோர்டோ கிட்டாரோ இடம்பெற்றுள்ளது. அதனைத் தொடர்ந்து, 'பிள்ளையைக் கிரேடு தேர்வுக்கு அனுப்பலாமா?' என்னும் வினாவும் எழுகின்றது. இதனைச் சற்று ஆராய்வோம்.

தட்டச்சுப் பயிலகத்தில் இளநிலை, முதுநிலை எனத் தேர்வு எழுதியோர் நம்மில் பலர் உண்டு. இசைத் தேர்வும் அத்தகையதே. ஆனால் இங்குப் படிகள் எட்டு. 1872-ல் இலண்டனில் தோன்றிய டிரினிட்டி கல்லூரி 1877 முதல் இசைத் தேர்வுகளை நடத்தி வருகின்றது. 1889-ல் நிறுவப்பட்ட, ஏ.பி.ஆர்.எஸ்.எம். எனச் சுருக்கமாக வழங்கப்படும் அரச இசைக் கல்லூரிகளின் கூட்டமைப்பு மற்றொன்று. இவற்றை எழுத வயது வரம்பில்லை. ஒவ்வொரு படியையும் வரிசையாக ஏறியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நம் இளையராஜா அவர்களும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, டிரினிட்டியின் கிட்டார் தேர்வில் தேறியவரே.

டிரினிட்டி தேர்வின் மதிப்பெண்கள் 100. மூன்று இசைப் பகுதிகளுக்கு 22 வீதம் 66. ஸ்கேல் முதலிய விரற்பயிற்சிக்கு 14. துணைச் சோதனைகள் இரண்டிற்கு 10 வீதம் 20. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87 பெறவேண்டும். இக்கணக்கைப் பெற்றோர் ஊன்றி நோக்குதல் நலம். மூன்று பகுதிகளை மட்டும் ஆண்டு முழுதும் உருப்போட்டு, அவற்றில் முழு மதிப்பெண் பெற்றாலும் கிடைப்பது 66 மட்டுமே. தேர்ச்சி உண்டு, ஆனால் பிள்ளைக்கு இசையறிவு வளர்ந்ததா?

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்தபின்னும், புதியதொரு பாடலின் இசைக்குறிப்பை முன்வைத்தால் திகைத்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. பங்கின் பாடற்குழுவில் வாசிக்க வேண்டுமாயின், பார்த்தவுடன் வாசிக்கும் திறனும், பாடுவோரின் சுருதியைக் காதால் உணர்ந்து உடன்செல்லும் திறனும் வேண்டுமன்றோ? துணைச் சோதனைகள் வளர்க்க முயல்வது இத்திறன்களையே. ஐந்தாம் கிரேடு வரை, பார்த்து வாசித்தல், கேட்டறிதல், கற்பனையாக இசைத்தல், இசையறிவு ஆகிய நான்கில் இரண்டைத் தேர்ந்துகொள்ளலாம். 'எவ்விரண்டைக் கற்பிக்கின்றீர்கள்?' என ஆசிரியரை வினவுங்கள்.

கருவி வாங்குமுன் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. பியானோ தேர்வு வேறு, கீபோர்டு தேர்வு வேறு. பியானோவுக்குக் கட்டைகள் 88. வீடுகளில் காணும் கீபோர்டுக்குப் பெரும்பாலும் 61. கருவியே தாளமும் பின்னணியும் தர, அதனோடு இயைந்து வாசிப்பது கீபோர்டு முறை. பின்னாளில் பியானோவுக்கு மாற எண்ணுவோர் இதனைத் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் பேசி முடிவு செய்க. ஏ.பி.ஆர்.எஸ்.எம். வழியில் செல்வோர், ஆறாம் கிரேடுக்குமுன் ஐந்தாம் கிரேடு இசைக் கோட்பாட்டுத் தேர்விலோ அதற்கு இணையான ஒன்றிலோ தேறியிருக்க வேண்டும். கோட்பாட்டை ஒத்திப்போட்டு வந்த பிள்ளை அவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கும்.

செலவையும் மறைக்க வேண்டியதில்லை. கிரேடு உயர உயரக் கட்டணமும் உயரும். ஆசிரியர் ஊதியம், நூல்கள், சென்னைப் பயணம், ஒருநாள் ஊதிய இழப்பு ஆகியன வேறு. 2020 முதல் வாசிப்பை ஒளிப்பதிவு செய்து அனுப்பும் முறையும் வந்துள்ளமையால் பயணம் தவிர்க்கலாம். அதுவும் இயலாதோர் மனந்தளர வேண்டா. காஞ்சிபுரத்திலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் முதலியவற்றை மூன்றாண்டுகள் குறைந்த கட்டணத்தில் பயிலலாம்.

பெற்றோரே! பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பயிலும் பிள்ளைக்கு அதே மாதங்களில் இசைத் தேர்வையும் சுமத்தாதீர்கள். அண்டை வீட்டுப் பிள்ளையின் கிரேடோடு ஒப்பிடாதீர்கள். நாள்தோறும் அரைமணி நேரப் பயிற்சிக்கு வீட்டில் அமைதியான ஓர் இடம் தாருங்கள். இரவு ஷிப்டு முடித்து உறங்கும் தந்தைக்கு இடையூறாகாவண்ணம் ஹெட்போன் ஒன்றும் வாங்கித் தாருங்கள். வாரத்தில் ஒருநாளேனும் குடும்பமாக அமர்ந்து, தேர்வில் இல்லாத ஒரு பாடலை அப்பிள்ளை வாசிக்கக் கேளுங்கள். அதனை மகிழ்வோடு வாசிக்கும் பிள்ளையைத் தயக்கமின்றித் தேர்வுக்கு அனுப்பலாம்.