பட்ட பனையைச் சூளைக்குக் கொடுக்கலாமா?

‘வரப்பில் இரண்டு பனை பட்டு, மொட்டையாக நிற்கிறது. செங்கல் சூளைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?’ என்று கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வாசகர் கேட்டிருக்கிறார்.

அவசரப்படாதீர்கள். பனைக்கு வெளிப்பக்கம்தான் வைரம். பட்டதும் உள்ளே இருக்கும் சோறு மக்கி, மரம் குழலாகிவிடும். அந்தப் பொந்தில்தான் பனங்காடை, மைனா, புள்ளி ஆந்தை எல்லாம் முட்டையிடும். பனங்காடை பகலில் வெட்டுக்கிளியைப் பிடிக்கும். ஆந்தை இரவில் வண்டு, சுண்டெலியைப் பார்த்துக்கொள்ளும். கிளியும் குடியேறும், கதிரைக் கொத்தும். அந்த நஷ்டம் உண்டுதான்.

பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தால் கதை வேறு. மட்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பட்ட தென்னையை உடனே அப்புறப்படுத்துங்கள். மின்கம்பி, நடைபாதை ஓரத்துப் பனையும் ஆபத்து.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். பட்ட மரமானாலும் விசாரித்துவிட்டுக் கோடரியை எடுங்கள்.