ஒரு பிடி மா

பரந்தனில் எங்கள் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி, விழும்போது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு கிழமை பிளாஸ்டர். கட்டை வெட்டியெடுத்த அன்று பின்னேரம் ஈரச் சேலையொன்றை எடுத்து முறுக்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"எலும்பு பொருந்திட்டுதாம் பிள்ளை, ஒரு துணி பிழியேலாமல் கிடக்கு" என்றார். இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முழங்கைக்குக் கீழே வலக்கை மற்றதைவிடத் தெளிவாகவே மெலிந்திருந்தது.

வன்னியில் கை போனால் உழைப்புப் போயிற்று. வயலில் மண்வெட்டி, முல்லைத்தீவுக் கரையில் கரைவலைக் கயிறு, முகமாலையில் வாரியால் மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாக விலக்கிக் கண்ணிவெடி தேடும் பெண்களின் வேலை என எல்லாமே பிடியை நம்பிய தொழில்கள். 2009இல் போர் முடிந்த பிறகும், செல் துண்டு நரம்பை அறுத்த கையோடு வாழ்பவர்கள் எத்தனையோ பேர். காயம் ஆறியதும் நேரே மண்வெட்டியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். தூக்க முடியாவிட்டால் "இனி இந்தக் கை இவ்வளவுதான்" என்று விட்டுவிடுவோம். கட்டுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. பிசியோதெரபி அறைகளில் சின்ன டப்பாக்களில் நிறம் நிறமாக வைத்திருப்பார்களே, கையால் பிசையும் தெரபி புட்டி, அதுதான் அந்தப் படி.

இடக்கையால் வலது முன்னங்கையைப் பற்றிக்கொண்டு வலது விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். தோலுக்கடியில் தசை நெளிவது தெரியும். விரலை மடக்கும் தசை ஒன்றுகூட விரலுக்குள் இல்லை. முன்னங்கைத் தசைகள் நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன; அந்தத் தசைநாண்களில் ஒன்பது, ஒரு நரம்போடு சேர்ந்து மணிக்கட்டின் ஒடுங்கிய வழியால் நுழைந்து வருகின்றன. விரல்களை அகட்டவும் சேர்க்கவும் பெருவிரலால் மற்ற விரல்களைத் தொடவும் உள்ளங்கைக்குள் சிறிய தசைகள் தனியாக உண்டு. கயிறு இழுப்பதற்கு முன்னங்கைத் தசைகள் வேண்டும். ஊசியில் நூல் கோக்கச் சிறு தசைகளும் வேண்டும்.

இந்த வேறுபாடு ஒரு கைகுலுக்கலில் வெளிப்பட்ட கதை வேலூரோடு சேர்ந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் போல் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் கொக்கிபோல் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்த அந்தக் கை அவரை வலியால் கத்த வைத்துவிட்டது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன. முன்னங்கைத் தசைகளோ நல்ல வலுவோடு இருந்தன. அந்த வலுவான தசைநாண்களைத் திசைமாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. தையல் ஆறிய பிறகு, மடக்கிப் பழகிய தசைக்கு நிமிர்த்தும் வேலையைப் பழக்க வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சி இல்லாமல் கத்தி செய்த வேலை பாதியில் நின்றுவிடும்.

அத்தகைய பயிற்சிக்கு உதவும் புட்டி பிறந்த கதையில் இறப்பரும் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தபின் நேச நாடுகளுக்கு இறப்பர் தட்டுப்பாடு. இலங்கைத் தோட்டங்களின் பால் மட்டும் போதவில்லை. 1943இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் ரைட், மாற்று இறப்பர் தேடிச் சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தார். கிடைத்தது டயருக்கு உதவவில்லை. 1950இல் சில்லி புட்டி என்ற விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. அதே வகைப் பொருள்தான் இன்று சிகிச்சைக்கும் பயன்படுகிறது.

அதற்குள் நீண்ட சிலிக்கோன் சங்கிலிகளைப் போரோன் அணுக்கள் இடையிடையே முடிந்து வைத்திருக்கின்றன. அந்த முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி விழுபவை. மெதுவாக இழுத்தால் அவிழ நேரம் கிடைக்கும். புட்டி நூலாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஆகவே மெல்ல அமுக்கும் பலவீனமான கைக்கு அது இடம் கொடுக்கிறது. கை வேகமெடுத்தால் எதிர்த்து நிற்கிறது. இறப்பர் பந்தோ தானாகவே பழைய உருவத்துக்கு வந்துவிடும். புட்டியை ஒவ்வொரு முறையும் விரல்கள்தான் உருட்டிச் சேர்க்க வேண்டும்.

பெரியம்மாவுக்குப் புட்டி கைக்கு வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. ரொட்டிக்குக் குழைக்கும் கோதுமை மாவும் இதே குணமுள்ளதுதான். அதிலுள்ள குளுட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னி இழுபடும். அரிசி மாவில் அது இல்லை, உதிர்ந்துவிடும். தண்ணீர் கொஞ்சம் கூட்டினால் மா இளகும், குறைத்தால் இறுகும். புட்டி டப்பாக்களின் நிறங்கள் காட்டுவதும் இந்த இளக்கத்தையும் இறுக்கத்தையும்தான்; ஆனால் நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும் என்பதால், நிறத்தை நம்பாமல் அமுக்கிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

முதலில் இளகிய உருண்டையை முழுக் கையால் பத்துத் தடவை மெதுவாக நெரித்தார். பிறகு பலகையில் உருட்டித் திரியாக்கி, பெருவிரலாலும் மற்ற விரல் ஒவ்வொன்றாலும் கிள்ளினார். நம்மில் பலரும் மறப்பது விரிக்கும் பயிற்சியை. விரல்களைக் குவித்து, சுற்றி மா வளையமொன்றைப் போட்டு, உள்ளிருந்து அகட்ட வேண்டும். நிமிர்த்தும் தசை சோர்ந்திருந்தால் பிடிக்கும் கை நேரத்துக்கு விடாது. ஐந்து பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். முதல் சில கிழமைகளில் கூடும் வலு பெரும்பாலும் நரம்பு தசையைத் திரும்பவும் முழுதாக அழைக்கப் பழகுவதால் வருவது. தசை தடிக்க அதற்குமேல் நாளெடுக்கும்.

முடக்குவாதக் கைகளுக்கும் இந்தக் கைப்பயிற்சி ஆகும். இங்கிலாந்தில் 490 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்து 2015இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், கைப்பயிற்சி செய்தவர்களின் கை ஓராண்டுக்குப் பிறகும் மற்றவர்களைவிட நன்றாக இயங்கியது. வலி கூடவும் இல்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அறுந்த தசைநாணைத் தைத்தவர்கள், வைத்தியர் சொல்லுமுன் உருண்டையைத் தொடவேண்டாம். பொதுவாக எட்டுக் கிழமையளவு பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் தையல் அறும். ஆறாத புண்ணோடும், வீங்கிச் சுடும் மூட்டோடும் செய்யக்கூடாது. நரம்பு அறுந்த கைக்கு இன்னும் நீண்ட கணக்கு. தைத்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வளரும். முழங்கையில் வெட்டுப்பட்டால் உள்ளங்கையை எட்ட 25 சென்றிமீற்றர், அதாவது 250 நாள். பெரும்போகம் விதைத்து அறுத்து, சிறுபோகமும் பாதி விளைந்திருக்கும். அதுவரை மூட்டுகள் இறுகாமல் மற்றக் கையால் மடக்கி நிமிர்த்தி வைத்திருந்தால்தான், நரம்பு வந்து சேரும்போது அசைவதற்கு விரல் இருக்கும்.

மூன்றாம் கிழமை பெரியம்மாவின் மாவுருண்டைக்குள் பத்து மஞ்சாடி விதைகளைப் புதைத்துக் கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தேடிக் கிள்ளியெடுக்க வேண்டும். முதல் நாள் நான்கு கிடைத்தன. ஒன்பதாவது கிடைத்த அன்று, பத்தாவதைத் தேடாமல் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளிக்குள் சேலை ஊறிக்கொண்டிருந்தது.